தானே மூடும் கதவும் திறந்து நிறுத்தும் கொக்கியும்

வேலி ஒரு நிலத்தை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்காக எழுப்பப்படுகிறது. வேலியில் வைக்கப்படும் கதவோ அந்தப் பிரிவைத் தேவையானபோது விலக்குவதற்காக அமைக்கப்படுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு நோக்கங்களும் ஒரே இடத்தில் சந்திப்பதால், எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்ட வேலியானாலும் அதன் காவல் முழுவதும் கதவை மூடவேண்டியவரின் நினைவைப் பொறுத்ததாகவே முடிகிறது. தமிழகத்துத் தொழுவங்களின் வாயிலில் குறுக்காகச் செருகப்படும் உழலைமரமும், தோட்டத்து வழியை அடைக்கும் மூங்கில் படலும், யாழ்ப்பாணத்து வளவுகளின் படலையும் கையால் திறந்து கையாலேயே அடைக்கப்படுபவை. அடைக்க மறந்தவருக்காக அடைத்துவைக்கும் பொறி எதுவும் அவற்றில் இல்லை. இங்கிலாந்திலும் அதன் வட அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வளர்ந்த வேலிக்கதவு மரபு, இந்தப் பொறுப்பை மனிதரிடமிருந்து எடுத்துக் கதவின் எடையிடமும் சாய்வான கீலிடமும் பின்னாளில் சுருள்வில்லிடமும் ஒப்படைத்தது. இவ்வாறு உருவானதே தானே மூடும் கதவு, அதாவது திறந்த கை விலகியதும் எவர் உதவியுமின்றிப் பழைய நிலைக்குத் திரும்பித் தாழ் விழும் கதவு.

ஆனால் கதவு தானே மூடத் தொடங்கியபோதே அதைத் திறந்து நிறுத்தவேண்டிய தேவையும் எழுந்தது. வைக்கோல் வண்டி உள்ளே நுழையும்போதும், ஆட்டு மந்தை ஒரு புல்வெளியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும், இரு கைகளிலும் சுமையேந்திய ஒருவர் பலமுறை போய்வரும்போதும், கதவு மூடிக்கொள்வது காவலாக இராமல் இடையூறாகிவிடுகிறது. இந்த இடையூற்றை நீக்குவதற்காக ஏற்பட்ட கொக்கி, நிலத்தில் பதித்த வார்ப்பிரும்பு நாக்கு, உருகும் உலோகக் கண்ணி, மின்காந்தம் ஆகியவை சிறிய பொருள்கள். எனினும் ஒரு கதவு மறதியால் திறந்து கிடக்கிறதா, ஒருவர் முடிவு செய்ததால் திறந்திருக்கிறதா என்னும் கேள்விக்கு விடையளிப்பவை அவையே என்பதால், அவற்றின் வரலாறு இரும்பு வேலையின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

வர்ஜீனியாவின் வேலிச் சட்டம்

வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர், வேலி தொடர்பாகத் தம் தாய்நாட்டில் நிலவிய முறையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டனர். இங்கிலாந்தின் பொதுச்சட்டம், அதாவது சட்டமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டம், மாட்டைக் கட்டுக்குள் வைப்பது மாட்டுக்காரரின் கடமை என்று கொண்டது. பிறர் பயிரை மேய்ந்த மாட்டுக்கு அதன் உடைமையாளர் இழப்பீடு தரவேண்டும். காடும் புதரும் பரந்து கிடந்ததும் வேலையாட்கள் அரிதாயிருந்ததுமான வர்ஜீனியாவில் மாடுகளும் பன்றிகளும் அவிழ்த்துவிடப்பட்டுத் திரிந்தமையால், பயிரிட்டவரே தம் நிலத்தைச் சுற்றி வேலியிட வேண்டும் என்றும், போதுமான வேலி என்பது நாலரை அடி உயரமுள்ளதாக இருக்கவேண்டும் என்றும் அங்கே விதி ஏற்பட்டது. ஆங்கிலச் சட்டமரபு இந்தியாவுக்கு வந்தபோது பழைய வடிவிலேயே வந்தது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது: 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரில் நுழைந்த மாட்டைப் பிடித்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘பவுண்டு’ என்று வழங்கும் அடைப்புப் பட்டியில் சேர்க்கவும், உடையவர் தண்டம் கட்டி மீட்டுச்செல்லவும் வழிவகுத்தது. அடைக்காத கதவுக்கான விலையை இந்தியாவில் மாட்டுக்காரர் கட்டினார். வர்ஜீனியாவில் வேலிக்காரரே கட்டினார்.

வேலிக்காரர் தலையில் விழுந்த இந்தச் சுமை நகரத்துக்குள்ளும் தொடர்ந்தது. 1699-இல் வர்ஜீனியாவின் தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம்ஸ்பர்க் நகரத்துக்காக 1705-இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், டியூக் ஆஃப் குளோஸ்டர் தெரு என்னும் முதன்மைத் தெருவில் மனை வாங்கியவர்கள், கட்டடம் முடிந்த ஆறு மாதங்களுக்குள் மனையைச் சுவராலோ மரப்பட்டிகைகளாலோ கம்பமும் சட்டமும் கொண்ட வேலியாலோ அடைக்கவேண்டும் என்று பணித்தது. வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டமும் முன்னால் அலைந்து திரியும் கால்நடையும் இருந்த அத்தகைய ஊரில், விருந்தினரும் வேலையாட்களும் குழந்தைகளும் நாளெல்லாம் போய்வரும் சிறு கதவு மூடியிருப்பதை எவருடைய கவனத்திடமும் ஒப்படைக்க முடியாது. இதற்கு அமைந்த தீர்வே, இன்றைய வில்லியம்ஸ்பர்க்கின் தனி அடையாளமாகிவிட்ட சங்கிலியும் குண்டும் ஆகும்.

இதன் அமைப்பு மிக எளியது. ஒரு சங்கிலியின் ஒரு முனை கதவிலும் மறுமுனை அருகில் நட்ட கம்பத்திலும் பிணைக்கப்பட்டு, நடுவில் பீரங்கிக் குண்டு போன்ற இரும்புருண்டை ஒன்று தொங்கவிடப்பட்டிருக்கும். கதவு மூடியிருக்கையில் சங்கிலி தளர்ந்து குண்டு தாழத் தொங்கும். கதவைத் திறக்கத் திறக்கச் சங்கிலி இழுபட்டு நேராகி, குண்டு மேலேறும். கையை விட்டதும் குண்டு தன் எடையால் இறங்கிக் கதவை இழுத்து மூடும். துருப்பிடித்தாலும் மழையில் நனைந்தாலும் எடை குறைவதில்லை என்பதால், சுருள்வில்லைப்போல் இது நாளடைவில் சோர்வதுமில்லை. மூடும் விசை முழுவதும் குண்டில் மட்டுமே இருப்பதால், கதவைத் திறந்து வைக்க விரும்புபவர் சங்கிலியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டாலே போதும். 1926-இல் பாதிரியார் டபிள்யூ. ஏ. ஆர். குட்வினின் தூண்டுதலாலும் இளைய ஜான் டி. ராக்ஃபெல்லரின் பொருளுதவியாலும் அந்நகரத்தை 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்டமைக்கும் பணி தொடங்கியபின், இந்தச் சங்கிலிக் கதவு அமெரிக்கப் புறநகர் வீடுகளின் தோட்டங்களுக்கும் பரவியது. அங்கே அலையும் பன்றிகள் இல்லாவிடினும், பழமையின் அழகுக்காக அது மாட்டப்பட்டது.

சாய்வில் பிறந்த விசை

இங்கிலாந்தில் தேவை வேறு வழியாக வந்தது. ஊருக்குப் பொதுவாகவும், சிறு சிறு கீற்றுகளாகவும் இருந்த நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனியுடைமையாக வேலியிட்டுப் பிரித்த ‘அடைப்பு’ இயக்கம், 1604 முதல் 1914 வரையான காலத்தில் 5,200-க்கும் மேற்பட்ட மசோதாக்களின் வழியே ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்தை உள்ளடக்கியது. அவற்றுள் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. புதிதாகப் பிரிந்த ஒவ்வொரு வயலையும் சுற்றி முட்செடிகளால் உயிர்வேலி வளர்க்கப்பட்டதால், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கதவாவது தேவைப்பட்டது. குதிரைமேல் வருபவரும் கால்நடையாக வருபவரும் ஒரே பாதையில் பல கதவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் நிலத்துக்குரியவராக இல்லாதபோது அதை மூடுவதில் அவருக்கு அக்கறை இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தச் சூழலில் கதவைத் தொங்கவிடுவது தச்சரின் கைப்பழக்கமாக மட்டும் இராமல், ஆராய்ந்து எழுதப்படும் பொருளாகவும் ஆயிற்று. தாமஸ் என். பார்க்கர் என்பவர் கதவுகளைக் கட்டுவதையும் தொங்கவிடுவதையும் தாழிடுவதையும் பற்றிப் படங்களுடன் எழுதிய நூலின் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1804-இல் வெளிவந்தது. வயற்கதவின் கீல் வீட்டுக் கதவின் கீலைப்போல் இரு தகடுகள் கொண்டதன்று. தூணில் அறையப்பட்ட கொக்கியின் நிமிர்ந்த முளையில், கதவின் இரும்புப் பட்டையில் உள்ள வளையம் மாட்டிக்கொள்வதே அது. மேல்முளையும் கீழ்முளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால் கதவு எந்த நிலையிலும் அசையாமல் நிற்கும். கீழ்முளையை அந்தக் கோட்டிலிருந்து சிறிது விலக்கிப் பொருத்தினால் கதவு சுழலும் அச்சு சாய்ந்துவிடும்; அப்போது கதவு திறக்கத் திறக்க அதன் வெளிமுனை மெல்ல மேலேறுவதால், திறப்பவரின் கை கதவைத் தள்ளுவதோடு தூக்கவும் செய்கிறது. அவ்வாறு தூக்கிய எடையே பின்னர் கதவை மூடும் விசையாகத் திரும்பி வருகிறது.

எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் கதவு தொங்கவிடுபவரின் திறமை அடங்கியிருந்தது. சாய்வு குறைந்தால் கதவு தாழுக்கு ஒரு சாண் தொலைவில் சோர்ந்து நின்றுவிடும். மிகுந்தால் கனத்த ஓக்மரக் கதவு வேகமெடுத்து அறைந்து, தாழையும் தூணையும் ஆட்டிவிடுவதோடு, பின்னால் வரும் குதிரையின் காலையும் பதம்பார்க்கும். கீழ்க்கீலில் ஒரு முளைக்குப் பதிலாகப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு முளைகள் வைத்தபோது, கதவு இருபுறமும் திறந்து இருபுறமிருந்தும் நடுவுக்கே திரும்பியது. சாய்வின் திசையை மாற்றி அமைத்தால் வேறொரு பயனும் கிடைத்தது: கதவு ஒரு குறிப்பிட்ட கோணம்வரை ஏறி, அந்த உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் இறங்கத் தொடங்குவதால், சிறிதளவு திறந்தால் மூடிக்கொள்ளவும் முழுவதும் திறந்தால் அப்படியே நின்றுவிடவும் செய்யும். திறந்து நிறுத்தும் கருவிகளுள் தனிப் பொருளாக எதுவும் சேர்க்கப்படாமல், தொங்கவிடும் முறையிலேயே அடங்கிய கருவி இது ஒன்றுதான்.

கல், கொக்கி, வார்ப்பிரும்பு நாக்கு

கதவைத் திறந்து நிறுத்தும் வழிகளுள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது கல்தான். கையருகே கிடக்கும் கல்லைக் கதவின் அடியில் முட்டுக்கொடுப்பதற்குக் கொல்லரும் தேவையில்லை, செலவும் இல்லை. ஆனால் கல் நகர்ந்துவிடும், காற்று வலுத்தால் கதவு அதைத் தாண்டிச் செல்லும், வேலை முடிந்தபின் கல் வழியில் கிடந்து வண்டிச் சக்கரத்தில் ஏறும். மேலும், கீலுக்கு அருகில் முட்டுக்கொடுத்த கதவு தன் முழு நெம்புவிசையையும் கீலின் மீதே செலுத்துவதால், கல் கதவைக் காப்பதற்கு மாறாகக் கீலைப் பிடுங்கவும் கூடும்.

கல்லை அடுத்து வந்தது கொக்கியும் வளையமும். கதவு முழுவதும் திறந்து நிற்கும் இடத்தில் ஒரு கம்பத்தையோ சுவரையோ தேர்ந்து, அதில் நீண்ட கொக்கியைத் தொங்கவிட்டு, கதவின் வெளிமுனைச் சட்டத்தில் வளையம் ஒன்றை அறைந்துவிட்டால் கருவி முடிந்தது. கப்பல்களின் அறைக்கதவுகள் அலையின் ஆட்டத்தில் அறைந்துகொள்ளாதிருக்க இத்தகைய கொக்கிகளால் மாட்டிவைக்கப்பட்டமையால், ஆங்கிலம் பேசும் நாடுகளின் கடைகளில் அது இன்றும் கப்பலறைக் கொக்கி என்றே விற்கப்படுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் சன்னல்களுக்கு வெளியே திறந்து நிற்கும் மரப்பலகைகளைக் காற்றிலிருந்து காக்க, சுவரில் பதித்துத் திருப்பிவிடக்கூடிய எஸ் வடிவ இரும்புத் துண்டுகளும், பிரான்சில் பெண்ணின் தலையுருவம் வார்த்த நிறுத்திகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொக்கி எப்போதும் கீலிலிருந்து தொலைவான முனையில் மாட்டப்படுவதற்குக் காரணம் உண்டு: கீலிலிருந்து விலக விலக, கதவின் திருப்புவிசையை எதிர்த்து நிறுத்தத் தேவைப்படும் பிடி குறைகிறது; ஆகவே வெளிமுனையில் ஒரு மெல்லிய கம்பி செய்யும் வேலையைக் கீலருகில் தடித்த இரும்பும் செய்ய இயலாது.

கொக்கியில் ஒரு குறை இருந்தது: அதை மாட்ட ஒரு கை வேண்டும், குனியவோ இறங்கவோ வேண்டும். குதிரை வண்டிகள் நுழையும் மாளிகை வாயில்களின் அகன்ற இரட்டைக் கதவுகளுக்கு இது பொருந்தவில்லை. அதற்காக அமைந்ததே வழியோரத்தில் நிலத்தோடு பதிக்கப்பட்ட வார்ப்பிரும்பு நிறுத்தி. அதன் பெட்டிக்குள் ஓர் அச்சில் ஆடும் நாக்கு இருக்கும். நாக்கின் ஒரு முனை சரிவாகவும் மறுமுனை கனமாகவும் வார்க்கப்பட்டிருக்கும். திறந்துவரும் கதவின் அடிச்சட்டம் சரிவின்மேல் ஏறி அதை அழுத்தும்போது நாக்கு தாழ்ந்து வழிவிடுகிறது; கதவு கடந்ததும் மறுமுனையின் கனத்தால் நாக்கு மீண்டும் எழுந்து, கதவு திரும்பாதபடி தடுத்துவிடுகிறது. மூடவேண்டியபோது நாக்கைக் காலால் மிதித்தால் கதவு விடுபடும். சுருள்வில் இல்லாமல் எடையால் மட்டுமே இயங்கும் இந்த நிறுத்தி, சருகும் மணலும் சேர்ந்து நாக்கை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைகளுக்கு உழைக்கக்கூடியது. கதவை மூடுவதும் எடை, திறந்து நிறுத்துவதும் எடை என்ற நிலையில், இரண்டுக்கும் இடையே தீர்ப்பளிப்பது மனிதரின் ஒரு மிதி மட்டுமே.

திறந்திருப்பதன் பொருள்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனின் வயல்வெளிகளுக்கு உழவரல்லாதவர் பெருமளவில் வரத் தொடங்கினர். தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறத்தில் நுழையும் உரிமையையும் பற்றிய 1949-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின், 1951-இல் நடைபயணிகளுக்கென ஒரு நடத்தைநெறி வெளியிடப்பட்டது. எல்லாக் கதவுகளையும் தாழிட்டுச் செல்லவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2004-இல் அந்நெறி திருத்தப்பட்டபோது இவ்விதி மாறி, கதவு எந்த நிலையில் காணப்பட்டதோ அந்த நிலையிலேயே விட்டுச்செல்லவேண்டும் என்றாயிற்று.

அரை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நேர்ந்த இந்தச் சிறு மாற்றத்தில் வேலிக்கதவின் வரலாறே சுருங்கியிருக்கிறது எனலாம். முதல் விதி, திறந்து கிடக்கும் கதவு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் மறதி என்று கருதியது. ஆனால் கோடையில் ஆடுமாடுகள் அடுத்த வயலின் நீர்த்தொட்டிக்குப் போவதற்காகவும், மேய்ச்சலை இரு வயல்களுக்கும் பரப்புவதற்காகவும் உழவர் கதவைத் திறந்து வைப்பதுண்டு. நல்லெண்ணத்தோடு வந்த நடைபயணி அதை மூடிவிட்டுப் போனால், மந்தை ஒரு நாள் முழுவதும் தண்ணீரின்றி அடைபட்டுவிடும். திருத்தப்பட்ட விதி, திறந்த கதவும் ஒரு முடிவாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த முடிவை வழிப்போக்கர் எவ்வாறு அறிவார் என்பதற்கு இரும்பே விடை தந்தது: காற்றில் ஆடும் கதவு மறந்து விடப்பட்டது, கம்பத்தோடு சேர்த்துக் கொக்கி மாட்டப்பட்ட கதவு வேண்டுமென்றே திறந்துவைக்கப்பட்டது. தானே மூடும் கதவில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. எவரும் நிறுத்தாமல் அது திறந்து நிற்கவே முடியாது என்பதால், அது திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் ஒருவரின் செயலுக்குச் சான்றாகிறது.

பொதுப்பாதைகளில் இந்தச் சிக்கலையே தவிர்க்க முயன்ற அமைப்புகளும் உண்டு. பாதி வட்டமாகவோ கோண வடிவிலோ அமைந்த சிறு அடைப்புக்குள் கதவு ஊசலாடி, இரு முனைகளில் ஏதாவதொன்றை எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும் ‘முத்தக் கதவு’ அவற்றுள் ஒன்று. ஒருவர் அடைப்புக்குள் ஒதுங்கி நின்று கதவைத் தன்னைத் தாண்டி நகர்த்தினாலன்றிக் கடக்க இயலாத இதை மறந்து திறந்துவைக்கவும் முடியாது, வேண்டுமென்று திறந்துவைக்கவும் முடியாது. ஆயினும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் அது வழியை அடைத்துவிடுகிறது. பாதைகளில் அமையும் இடைவெளி, கதவு, ஏறுபடி ஆகியவற்றுக்கென 1979-இல் முதலில் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்ட பிஎஸ் 5709 என்னும் பிரித்தானியத் தரவிதி, மிகக் குறைவாகத் தடுப்பதையே முதலில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்றதால், கதவே வேண்டாத இடைவெளி முதலிடத்துக்கும், தானே மூடும் கதவு அதற்கடுத்த இடத்துக்கும் வந்தன.

ஓட்டுநர் இறங்காத வழி

மோட்டார் வாகனம் வந்தபின், ஒவ்வொரு கதவுக்கும் இறங்கித் திறந்து, வண்டியை நகர்த்தி, மறுபடி இறங்கி மூடும் வேலை பெரும் தொல்லையாயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளில் இதற்காக முட்டுக்கதவு ஒன்று பழக்கத்துக்கு வந்தது: ஓட்டுநர் வாகனத்தின் முன்தடுப்பால் கதவை மெதுவாக முட்டித் தள்ள, கதவு உயர்ந்த கம்பத்திலிருந்து தொங்கும் கம்பிவடத்தை முறுக்கிக்கொண்டு சுழன்று, வாகனம் கடப்பதற்குள் திரும்பி வந்துவிடாத அளவுக்கு விலகி, பிறகு தானே மூடிக்கொள்ளும். வேகத்தைத் தவறாகக் கணித்தவரின் வாகனத்தின் பின்பக்கத்தில் கதவு வந்து மோதுவதும் உண்டு. நிறுத்தும் கருவி எதுவும் இல்லாமல், கதவு ஊசலாடும் நேரத்தையே நிறுத்தும் நேரமாகப் பயன்படுத்திய அமைப்பு இது.

இன்னொரு தீர்வு கதவையே கைவிட்டது. வழியின் குறுக்கே குழி வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பரப்பினால், சக்கரம் உருண்டு கடந்துவிடும். குளம்புள்ள விலங்கோ காலை வைக்க அஞ்சி நின்றுவிடும். பிரிட்டனில் பொதுச்சாலைகளில் இத்தகைய மாட்டுத்தடுப்புக் கிராதிகளை அமைப்பதற்கென 1950-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் கிராதி குதிரைக்கும் தடையாவதால், அதன் பக்கத்தில் குதிரைக்காரருக்கும் மந்தைக்கும் என ஒரு கதவு வைக்கவேண்டியிருக்கிறது. கதவு வந்ததும் அதனுடன் தாழும் கொக்கியும் திரும்பி வந்துவிடுகின்றன.

உருகும் கண்ணி

வேலிக்கதவில் தோன்றிய இந்தச் சிக்கல், கட்டடத்துக்குள் தீத்தடுப்புக் கதவாக வேறொரு உருவில் எழுந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் நூற்பாலைகளில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து அடிக்கடி தீப்பற்றியதால், ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆலை உரிமையாளர் சக்கரையா ஆலன் 1835-இல் தொடங்கிவைத்த பரஸ்பரக் காப்பீட்டு முறை, அதாவது ஆலைக்காரர்கள் ஒருவர் இழப்பை மற்றவர் பகிர்ந்துகொள்ளும் முறை, தீ பரவாமல் தடுக்கும் கட்டட ஏற்பாடுகளை வற்புறுத்தியது. அவற்றுள் ஒன்றே, மரப்பலகைகளைத் தகரத்தால் பொதிந்து செய்த நகரும் கதவு. சாய்வான தண்டவாளத்தில் தொங்கும் அது, தடையற்றிருந்தால் தன் எடையால் உருண்டு மூடிக்கொள்ளும்.

ஆனால் சரக்கு வண்டிகள் நாள்முழுதும் போய்வரும் ஆலையில் கதவு மூடியிருக்க முடியாது. திறந்திருந்தாலோ தீயின்போது பயனில்லை. ஆகவே கதவை இழுத்து நிறுத்தும் கயிற்றின் நடுவில் உருகும் கண்ணி ஒன்று சேர்க்கப்பட்டது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், கேட்மியம் போன்ற உலோகங்களின் கலவைகள் கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவான வெப்பத்தில் உருகுபவை. அவற்றால் ஒட்டிய கண்ணி ஏறத்தாழ 74 பாகை செல்சியஸில் பிரிந்துவிடும்போது கயிறு அறுந்ததுபோலாகிக் கதவு ஓடி மூடிக்கொள்ளும். திறந்து நிறுத்தும் கருவிகளின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். முந்தைய கொக்கிகள் மனிதர் விடுவிக்கும்வரை கதவைப் பிடித்துவைத்தன. இந்தக் கண்ணியோ எந்த ஆபத்துக்காகக் கதவு மூடவேண்டுமோ அந்த ஆபத்தையே தன்னை விடுவிக்கும் கையாகக் கொண்டது.

மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இன்று காணப்படும் மின்காந்த நிறுத்தி இதே கருத்தின் வளர்ச்சி. கதவில் உள்ள இரும்புத் தகட்டைச் சுவரில் உள்ள மின்காந்தம் பற்றி நிறுத்துகிறது. தீயறிவிப்பு ஒலித்தாலோ மின்சாரமே நின்றாலோ காந்தம் விட்டுவிட, கதவு மூடிக்கொள்கிறது. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் மக்கள் ஆப்பும் செங்கல்லும் வைத்துக் கதவைத் திறந்து நிறுத்துகின்றனர், அல்லது மூடும் பொறியையே கழற்றிவிடுகின்றனர். லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 பேரைப் பலிகொண்ட தீயை ஆராய்ந்த விசாரணைக்குழு, பல வீடுகளின் முன்கதவுகளில் தானே மூடும் பொறி இல்லாமலோ இயங்காமலோ இருந்தமையும் புகை பரவுவதற்குக் காரணமாயிற்று என்று 2019-இல் கண்டதுடன், அப்பொறிகளை மூன்று மாதங்களுக்கொருமுறை சோதிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நிறுத்தக்கூடாத கதவு

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானே மூடும் வேலிக்கதவு மீண்டும் வீட்டுத் தோட்டத்துக்கே திரும்பியது. ஆனால் இம்முறை வெளியிலிருந்து வரும் மாட்டைத் தடுப்பதற்காக அன்று, வீட்டுக்குள்ளிருந்து வரும் குழந்தையைத் தடுப்பதற்காக. வீட்டு நீச்சல்குளங்கள் பெருகிய ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சிறு குழந்தைகள் அவற்றில் மூழ்கி இறப்பது பொதுக்கவலையாகியது. நியூசிலாந்து 1987-இல் நீச்சல்குளங்களுக்கு வேலியிடும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1990-இல் ஒரு சட்டத்தையும், அதற்குப் பதிலாக 1992-இல் மற்றொன்றையும் இயற்றியது. ஆஸ்திரேலியத் தரவிதிப்படி வேலி குறைந்தது 1,200 மில்லிமீட்டர் உயரமிருக்கவேண்டும். கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்கவேண்டும். எவ்வளவு சிறிது திறந்திருந்தாலும் எந்த நிலையிலிருந்தும் தானே மூடித் தாழ் விழவேண்டும். அமெரிக்க வீட்டுக்கட்டட விதிகளும் ஏறத்தாழ இவ்வாறே 48 அங்குல வேலியையும் தானே மூடித் தாழிடும் கதவையும் கேட்கின்றன.

இந்தச் சட்டங்கள் பழைய பொறிகளைப் போதாதவையாக்கின. சாய்ந்த கீல், கதவு பெரிதாகத் திறந்திருக்கையில் நன்றாக இழுத்தாலும், தாழருகே வரும்போது விசை குன்றுவதுண்டு. குழந்தை நுழைய அந்த ஒரு விரற்கடை இடைவெளியே போதும். ஆகவே இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய சுருள்வில்லை உட்பொதிந்த கீல்களும், உராய்வின்றி நாக்கைத் தானே ஈர்த்துப் பூட்டும் காந்தத் தாழ்ப்பாள்களும் புழக்கத்துக்கு வந்தன. தாழை விடுவிக்கும் பிடி, எட்டிப் பிடிக்கும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது.

இவ்வளவு கவனமாக வடிவமைக்கப்பட்ட கதவில் ஒரு பொருளுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அதுவே திறந்து நிறுத்தும் கொக்கி. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களில் நீச்சல்குளக் கதவைக் கல்லாலோ நாற்காலியாலோ முட்டுக்கொடுத்துத் திறந்துவைப்பது தண்டனைக்குரியது. விருந்து நடக்கும் மாலையில் பாத்திரங்களுடன் போய்வருபவருக்கு அந்தக் கதவு தொல்லைதான். வைக்கோல் வண்டிக்காரருக்கு இருந்த அதே தொல்லை. எனினும் வண்டிக்காரருக்குக் கொக்கியைத் தந்த மரபு இவருக்கு அதை மறுக்கிறது.

இம்மறுப்பு நியாயமானதே. வயற்கதவின் கொக்கி ஒருவரின் முடிவை மற்றவருக்கு அறிவித்தது. தீத்தடுப்புக் கதவின் கண்ணி, அந்த முடிவை ஆபத்து வரும்வரை மட்டுமே அனுமதித்தது. நீச்சல்குளத்துக்கோ ஆபத்தை முன்னறிவிக்கும் வெப்பமும் இல்லை, புகையும் இல்லை. உருகும் கண்ணியைப்போல் தக்க நேரத்தில் தானே விட்டுவிடும் கருவி ஒன்று அங்கே அமையாதவரை, முடிவுக்கும் மறதிக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாராட்ட அந்த இடத்தில் வழியில்லை. திறந்த கதவின் வழியே போன மாட்டை மறுநாள் பவுண்டில் தண்டம் கட்டி மீட்டுவர முடிந்தது. அந்தக் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது.